சேங்கொட்டைக் கறை

எனக்குக் கறை தெரியும். பிறந்து வளர்ந்ததே கொச்சியில் ஒரு சலவைக்களத்தில். என் அப்பா வீட்டார் தமிழ்நாட்டிலிருந்து துணி வெளுக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். நான் இப்போது யூதத் தெரு இருக்கிற ஜூ டவுன் பக்கம் ஒரு தங்கும் விடுதியின் சலவை அறையில் வேலை செய்கிறேன். விரிப்பில் கொட்டின ஒயின், மீன்குழம்பு, வாழைக்கறை, பலாப்பிசின், மருதாணி, எதுவானாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பார்த்ததும் சொல்லிவிடுவேன், சந்தேகம் வந்தால் முகர்ந்து சொல்வேன். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

கறையிலேயே போகாத கறை சேங்கொட்டைக் கறை. அந்தக் காலத்தில் எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று அடையாளம் வைக்க அதைத்தான் பயன்படுத்துவோம். கொட்டையை விளக்கில் லேசாக வாட்டி ஊசியால் குத்தினால் கருப்பாக எண்ணெய் கசியும். ஊசி முனையில் தொட்டுத் துணியின் ஓரத்தில் ஒரு குறி போட்டு, மேலே ஈரச் சுண்ணாம்பைத் தடவிவிட வேண்டும். சுண்ணாம்பு பட்டதும் குறி கறுத்து நின்றுவிடும். துணி கிழிந்து கந்தலானாலும் குறி போகாது. இப்போது குறி போட மை பேனா வந்துவிட்டது. ஆனாலும் என் வீட்டில் ஒரு டப்பாவில் நாலைந்து சேங்கொட்டை எப்போதும் இருக்கும். குறி போட அல்ல, கால் ஆணிக்கு. எங்கள் ஆட்களுக்குக் காலில் ஆணி வந்தால் அதுதான் வைத்தியம். எண்ணெயைச் சூட்டோடு ஆணியின் தலையில் வைத்தால் சுரீரென்று எரியும், பிறகு தோல் வெந்து உரிந்து ஆணியோடு வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனில் வேலை பார்த்தார். இஞ்சியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி முற்றத்தில் பரப்பிக் காயப்போடுவார்கள். வெயில் ஏற ஏற அதைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பிடுகிற சரக்கு என்பதால் செருப்பு போடக்கூடாது. முப்பது வருஷமாக அவர் பாதம் வெள்ளையாகத்தான் இருந்தது. சாயங்காலம் வந்ததும் பைப்படியில் நின்று தேய்த்துக் கழுவுவார். கழுவிக் காய்ந்த பிறகும் வெடிப்புக்குள் வெள்ளைக் கோடுகள் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மழைக்காலம். நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து மத்தி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, இடது காலைத் தூக்கி முழங்கால்மேல் போட்டார்.

"இந்தா, இத ஒண்ணு நோக்கேன். குதிங்கால்ல கருப்பா என்னவோ இருக்கு. ஓணத்துக்கு முன்ன இல்ல இது."

என் கையெல்லாம் மீன் செதில். எழுந்து போகச் சோம்பல். இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். ஒரு மிளகளவுக்குக் கருப்பு.

"ஆணிதான். வேற என்ன."

"வலி ஒண்ணும் இல்லியே."

"எல்லாம் வலிச்சிட்டுத்தான் வருமா? மத்தியானம் கொட்டை வெச்சு விடறேன், பேசாம இருங்க."

பக்கத்து வீட்டுக்காரி, அவளும் எங்கள் ஆள்தான், மதில் அந்தப் பக்கமிருந்து கேட்டுவிட்டு, உள்ளங்காலில் மச்சம் வந்தால் கடல் தாண்டிப் போகும் யோகம் என்றாள். "எர்ணாகுளம் போறதுக்கே காயல் தாண்டணும், அது போதும்" என்றார் அவர். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

சாப்பிட்ட பிறகு அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டு, கொட்டையை வாட்டி, அந்தக் கருப்பின் மேலேயே வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். எண்ணெய் சுற்றிலும் பரவி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்தது. மறுநாள் காலையில் அந்தக் காலோடு போய்ச் சுண்ணாம்பு இஞ்சியில் நின்றார்.

அந்த மிளகளவுக் கருப்பை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு அந்த இடத்தில் இருந்ததெல்லாம் எனக்குக் கறை.

ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. கருப்பு போகவில்லை. ஓரங்கள் ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் வெளுத்து, கோணல்மாணலாக இருந்தது. அவர் இரண்டொரு தடவை சொன்னார், பரவுகிற மாதிரி இருக்கிறது என்று. நான் அதற்கும் பதில் வைத்திருந்தேன். குறி போட்டபின் சுண்ணாம்பு வைத்தால் கறை நிற்கும், நீங்கள் தினமும் சுண்ணாம்பில்தானே நிற்கிறீர்கள், பின்னே எப்படிப் போகும்? வெடிப்பு போகிற வழியெல்லாம் கறையும் இறங்கியிருக்கிறது. எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது பாருங்கள். இப்போது நினைத்தாலும் எனக்கே என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்த கோடையில் அந்த இடத்தில் லேசாக நீர் கசிய ஆரம்பித்தது. சரி, காட்டிவிடலாம் என்று பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குப் போனோம். எங்கே போனாலும் பேசுவது நான்தான். ரேஷன் கடையானாலும் வார்டு ஆபீசானாலும் அப்படித்தான். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் நான் இரண்டு வேலை முடித்துவிடுவேன். "என் முந்திரிக்கொட்டை" என்று கிண்டல் செய்வார். கோபமாக இல்லை, அவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

டாக்டர் அவரைப் பார்த்து என்ன பிரச்சனை என்று மலையாளத்தில் கேட்டார். நான் சொன்னேன். கால் ஆணி, அதற்குச் சேங்கொட்டை வைத்தது, அந்தக் கறை சுண்ணாம்பு பட்டு நின்றுபோனது, இப்போது வெடிப்பில் நீர் வருகிறது. சேங்கொட்டைக்கு மலையாளத்தில் சேர்க்குரு என்பார்கள், அதையும் எடுத்துச் சொன்னேன். டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டரே, அந்தக் கருப்பு கொட்ட வெக்கிறதுக்கு முன்னயே…" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க, நான்தான் சொல்றேன்ல" என்றேன்.

டாக்டர், இந்த நாட்டு வைத்தியமெல்லாம் இனிமேல் செய்யாதீர்கள் என்று என்னை லேசாகக் கடிந்துகொண்டு, புண்ணுக்கு ஒரு களிம்பும் ஆணிக்கு ஒரு பிளாஸ்டரும் எழுதிக் கொடுத்தார். எனக்கு ஏச்சு வாங்கின கோபம். வருகிற வழியெல்லாம் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் கெந்திக் கெந்திப் பின்னால் வந்தார். தான் பாதியில் விட்ட வாக்கியத்தைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

களிம்பு தீர்ந்தது, மறுபடி வாங்கினோம். இன்னொரு மழைக்காலம் வந்து போனது.

எங்களுக்கு ஒரே மகள். எர்ணாகுளத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு லீவு நாளில் வீட்டு விரிப்புகளைத் துவைக்க எடுத்துப் போட்டவள், அவர் படுக்கிற விரிப்பின் கால்மாட்டைப் பிரித்து என் முன்னால் நீட்டினாள். "அம்மா, இது என்ன கறை?"

நான் பார்த்தேன். ரத்தம் என்றால் காய்ந்ததும் துருப்பிடித்த நிறம் வரும். இதில் அது இருந்தது, கூடவே வேறு ஏதோ ஒரு கருப்பு கலந்திருந்தது. மையில்லை, மசகில்லை, சேங்கொட்டையும் இல்லை. சேங்கொட்டை எண்ணெய் ஒருமுறை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும், ஒன்றரை வருஷம் கழித்து விரிப்பில் ஒழுகாது. முகர்ந்தேன். அந்த வாடை எனக்குத் தெரியாத வாடை. என் ஐம்பது வயசுக்குள் ஒரு கறையைப் பார்த்து என்னவென்று தெரியாமல் நின்றது அன்றைக்குத்தான்.

ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "வெடிப்பு ரத்தம்தான். பச்சத் தண்ணில உப்பு போட்டு ஊற வை."

மகள் விரிப்பைக் கீழே போட்டுவிட்டு நேரே அவரிடம் போனாள். காலைத் தூக்கச் சொன்னாள். பிளாஸ்டரைப் பிரித்தாள். குதிங்காலில் கருப்புக்கு நடுவே சதை சிவந்து குமிழாக மேலெழுந்து நின்றது. அதைத் தினமும் கழுவிக் களிம்பு போட்டது நான். அவள் பார்த்த மாதிரி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அடுத்த நாளே எர்ணாகுளத்தில் தோல் டாக்டரிடம் போக அவள் சீட்டு எடுத்துவிட்டாள்.

அங்கே இருந்தது சின்ன வயசுப் பெண் டாக்டர். என் மகளைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். வழக்கம்போல நான் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "ஆர்க்காணு அசுகம்? சேட்டன் பறயட்டே." யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர் சொல்லட்டும் என்கிறாள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர் என்னைப் பார்த்தார். பழக்கம் அப்படி. கடைசியில் நானேதான் சொன்னேன், ஆணி, கொட்டை, சுண்ணாம்பு, கறை. அவள் முழுக்கக் கேட்டாள்.

"எத்தனை நாளாக இந்தக் கறை?"

"ஒன்றரை வருஷம். சேர்க்குருக் கறை போகாது டாக்டர். நான் வெளுக்கிற வீட்டுப் பெண், எனக்குத் தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. என் மனசு நோகாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகத்தான் சொன்னாள். "இது துணியல்ல சேச்சீ. தொலியாணு."

தொலி என்றால் மலையாளத்தில் தோல். துணியில் பட்டது போகாது, தோல் அப்படியில்லை, அது தானாக உரிந்து புதிசாகிக்கொண்டே இருக்கும், எவ்வளவு பெரிய கறையானாலும் ஒன்றிரண்டு மாதத்தில் தோலோடு போயிருக்க வேண்டும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு என் விரல்கள் ஞாபகம் வந்தன. சின்ன வயசில் குறி போடும்போதெல்லாம் சேங்கொட்டை எண்ணெய் என் விரலில் பட்டுக் கறுத்துப்போகும். பள்ளிக்கூடத்தில் கையை மறைத்துக்கொண்டு உட்காருவேன். கொஞ்ச நாளில் தோல் உரிந்து விரல் பழையபடி ஆகிவிடும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். இது யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை.

வெளிச்சம் வைத்த ஒரு சின்னக் கண்ணாடியைக் குதிங்காலில் பதித்து வெகுநேரம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது, எனக்குப் பயம் அதில்தான். பிறகு அவரைப் படுக்கச் சொல்லி இடது தொடையிடுக்கில் அழுத்திப் பார்த்தாள். அங்கே ஒரு நெல்லிக்காய் அளவில் கட்டி இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மரத்துப்போக ஊசி போட்டு, அந்தக் கருப்பிலிருந்து துளி சதையை எடுத்து ஒரு குப்பியில் போட்டாள். நான் சேங்கொட்டை வைத்தபோது பல்லைக் கடித்த மாதிரியே அதற்கும் கடித்துக்கொண்டு கிடந்தார்.

ரிப்போர்ட் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் நான் விடுதியில் வெள்ளை விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தேன். அவரும் குடோனுக்குப் போனார், காலில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு. இஞ்சியில் இறங்க விடவில்லை, மூட்டை எண்ணுகிற இடத்தில் உட்கார வைத்தார்களாம். "ஆபீசர் வேல" என்று வந்து சொன்னார்.

மெலனோமா என்றாள் டாக்டர். தோலில் வருகிற புற்றுநோய். நம்மைப் போன்ற நிறக்காரர்களுக்கு அபூர்வமாகத்தான் வரும், வந்தால் பெரும்பாலும் இப்படி உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ வரும், வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெறும் கருப்புப் புள்ளியாகத்தான் தொடங்கும், அதனால் மச்சமென்றோ ஆணியென்றோ விட்டுவிடுவார்கள் என்றாள். ஆழமாக இறங்கிவிட்டது, தொடையிடுக்கில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். மகள் தலையைக் குனிந்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது. "நான் வைத்த கொட்டையால் வந்ததா?"

"அல்ல. அது வருத்தியதல்ல." கொட்டையால் வரவில்லை என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அவள் ரிப்போர்ட்டை மடித்து உறையில் போட்டுக்கொண்டே, "பட்ஷே, மறச்சு" என்றாள். ஆனால் மறைத்துவிட்டது.

புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தாள். அங்கே வயசான ஒரு டாக்டர். எங்கள் மூன்று பேரையும் எதிரே உட்கார வைத்து, புது ஃபைல் திறந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். என்ன வேலை, என்ன பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது உண்டா. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரரே பதில் சொன்னார், நிதானமாக, நன்றாகவே சொன்னார். இந்த மனுஷனுக்குப் பேச வராது என்று நான் எப்படி இத்தனை வருஷம் நினைத்தேன் என்று இருந்தது.

"இந்தக் கருப்பை முதலில் எப்போது பார்த்தீர்கள்?" என்று மலையாளத்தில் கேட்டார் டாக்டர்.

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது. கொட்ட வெக்கிறதுக்கு முன்னயே இருந்துது." பதற்றத்தில் அவருக்குத் தமிழ்தான் வந்தது, மகள் மலையாளத்தில் எடுத்துச் சொன்னாள்.

"முன்பேயா? அப்போது யாரிடமாவது காட்டினீர்களா?"

மடியிலிருந்த பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு, இந்த முறை டாக்டருக்குப் புரியும்படி மலையாளத்திலேயே சொன்னார்.

"இல்ல. ஞான் ஆரோடும் பறஞ்ஞில்ல."

யாரிடமும் சொல்லவில்லை. ஆணியென்று சொல்லித்தான் கொட்டை வைக்கச் சொன்னேன் என்றும் சேர்த்துக்கொண்டார். டாக்டர் எழுதிக்கொண்டார். மகள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "எந்தா அப்பா இது? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டினார்.

நான் பேசவில்லை. ரேஷன் கடையில் பேசுகிறவள், டாக்டரிடம் வாயைக் கொடுத்துத் திட்டு வாங்குகிறவள், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவள், அந்த ஒரு இடத்தில் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் படகில் மகள் முன்பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இஞ்சின் சத்தத்துக்குள் மெதுவாகக் கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க? எனக்குக் காட்டினீங்கல்ல."

"காட்டினேன்தான்."

"பின்ன?"

"இனி அவ உன்கூடத்தான இருக்கணும்" என்றார்.

டாக்டர்கள் அப்போது எதையும் முடிவாகச் சொல்லியிருக்கவில்லை. ஆபரேஷன், அதற்குப் பிறகு ஊசி மருந்து என்றுதான் பேச்சு இருந்தது. அவர் அதற்குள் தன்னைக் கழித்துவிட்டு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் யோசித்துவிட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர், "அழாத, அவ நோக்கறா" என்றார்.

குதிங்காலை வெட்டி எடுத்துத் தொடைத்தோலை ஒட்டினார்கள். தொடையிடுக்கையும் சுரண்டினார்கள். கால் வீங்கித் தடியாயிற்று. கொஞ்ச நாள் ஊன்றுகோலில் நடந்தார், நடந்து போய்ச் சுக்கு முற்றத்தை வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தார். பிறகு இருமல் வந்தது. நுரையீரலில் என்றார்கள். அடுத்த வருஷ மழைக்கு அவர் இல்லை. கடைசி வாரங்களில் அவர் விரிப்பை நான்தான் துவைத்தேன், ஒரு கறையையும் விடவில்லை.

போன மாதம் அவருக்கு வருஷத் திதி. மகள் படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். "எனக்கு அப்பா மேல இப்பவும் தேஷ்யம்தான் அம்மா. இவ்வளவு நாள் ஒளிச்சு வெச்சிருந்தாரே. நம்மள ஒரு மனுஷங்களா நினைக்கலியே" என்றாள். தேஷ்யம் என்றால் கோபம். நான் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "சாதம் ஆறிடும், வா" என்றேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கிறாள். என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, போனில் டார்ச் அடித்து, உள்ளங்காலை, விரல் இடுக்கை, நகத்துக்கு அடியை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். எனக்குக் கூசும். ஆடாதே என்று அதட்டுவாள். எல்லாம் பார்த்து முடித்துக் காலைக் கீழே இறக்கிவைக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைதான். "ஏதாவது கண்டா உடனே என்கிட்ட சொல்லணும். அப்பா மாதிரி மறச்சு வெக்காத."

சரி என்கிறேன்.

அவள் படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழ் பேசுவாள், படிக்க வராது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.